லைப்போசோம்கள் ஒட்டினவா, இணைந்தனவா? க்யூவெட்டில் கண்டறியும் வழி

லைப்போசோம் என்பது கொழுப்பு மூலக்கூறுகளான லிப்பிடுகளின் இரண்டு அடுக்குகள் சேர்ந்த சவ்வாலான, உள்ளே தண்ணீர் நிரம்பிய நுண்ணிய பை. இரண்டு பைகள் இணைகின்றனவா என்று பார்க்கும்போது, ஃப்ளூரிமீட்டரில் (சாயத்தின் ஒளிர்வை அளக்கும் கருவியில்) கோடு ஏறியதும் "இணைவு 60 சதவீதம்" என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: எது கலந்தது? வெளி அடுக்கா, உள் அடுக்கா, உள்ளே இருந்த தண்ணீரா? மூன்றும் வேறு வேறு நிகழ்வுகள். மூன்றையும் தனித்தனியாக அளக்கலாம். லிப்பிடு, கால்சியம், நல்ல ஃப்ளூரிமீட்டர் ஆகியவை இருந்தால் எம்.எஸ்சி. ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். அதை எப்படிச் செய்வது, செய்யும்போது சவ்வின் இயற்பியலில் எதை மனதில் வைத்துக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு பை துண்டாகிப் பிரியும் சவ்வுப் பிளவைப் பற்றியும் கடைசியில் கொஞ்சம் உண்டு.

பைப்பெட்டைத் தொடும் முன் ஓர் ஆற்றல் கணக்கு

அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றலின் அளவு சுமார் 4.1 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர். ஆய்வகப் பேச்சில் இது ஒரு கேபிடி. செல்சவ்வு போன்ற திரவ ஈரடுக்கின் வளைவு விறைப்பு ஏறக்குறைய 20 கேபிடி. இந்த இரண்டு எண்கள் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு மனக்கணக்கிலேயே பதில் கிடைத்துவிடும்.

1973-ல் ஹெல்ஃப்ரிக் தந்த வளைவு ஆற்றல் சமன்பாட்டின்படி, தட்டையான சவ்வை ஒரு கோளமாக வளைக்க 8π மடங்கு விறைப்பு செலவாகும். அதாவது சுமார் 500 கேபிடி. இதில் கோளத்தின் ஆரம் வரவே வராது. 50 நானோமீட்டர் பைக்கும் 50 மைக்ரோமீட்டர் பைக்கும் ஒரே செலவு. முதல் முறை பார்த்தபோது என்னால் நம்ப முடியாமல் தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். காஸ் வளைவுக்கான இன்னொரு குணகமும் உண்டு. அது எதிர்மறை, அளவில் வளைவு விறைப்புக்கு நெருக்கமானது. அதைச் சேர்த்தால் ஒரு கோளத்தின் செலவு கிட்டத்தட்ட பாதியாகி 250 கேபிடி பக்கம் வந்து நிற்கும்.

இரண்டு கோளங்கள் ஒன்றானால் ஒரு கோளத்தின் செலவு மிச்சம். அப்படியானால் இணைவு கீழ்நோக்கிப் போகிற வழி, பிளவு மேலே ஏறுகிற வழி. ஆனாலும் வெறும் பாஸ்ஃபாட்டிடைல்கோலினால், அதாவது பிசியால், செய்த லைப்போசோம்கள் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இணையாமல் இருக்கின்றன. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் தொட்ட மாத்திரத்தில் ஒன்றாவதைப்போல இவை ஆவதில்லை. வழி கீழ்நோக்கித்தான் போகிறது என்றாலும் நடுவே ஒரு மேடு நிற்கிறது.

அந்த மேட்டில் பெரும்பங்கு தண்ணீருடையது. லிப்பிடுத் தலைகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகப் பற்றியிருக்கின்றன. இரண்டு சவ்வுகள் ஏறத்தாழ 2 நானோமீட்டர் இடைவெளிக்கு வந்ததும் விலக்கம் தலைகாட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 0.2 நானோமீட்டர் நெருக்கத்துக்கும் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். இடைவெளி 1 நானோமீட்டருக்கும் கீழே போனால் அழுத்தம் நூறு வளிமண்டலத்தைத் தாண்டிவிடும். ராண்டும் பார்செஜியனும் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். நரம்பு முனையில் ஸ்னேர் புரதங்கள் ஜிப் போல முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வுகளை இழுப்பது இந்தத் தண்ணீரைப் பிழிந்து எடுக்கத்தான். ஒரு ஸ்னேர் தொகுதி முறுக்கும்போது வெளிவரும் ஆற்றலை ஒளி இடுக்கியால் (லேசர் ஒளியால் பிடித்து இழுக்கும் கருவியால்) அளந்தவர்கள் 65 கேபிடி வரை கண்டார்கள். நம் க்யூவெட்டில் (ஒளி அளவீட்டுக்கான சிறு குப்பியில்) ஸ்னேர் இல்லை. அந்த வேலையைக் கால்சியத்தை வைத்துச் செய்யப்போகிறோம்.

தண்ணீர் விலகிய பிறகு நடப்பதை 1983-ல் கோஸ்லோவும் மார்கினும் கணக்காகத் தந்தார்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு வெளி அடுக்குகள் ஒரு புள்ளியில் சேர்ந்து, மணற்கடிகாரத்தின் இடுப்பு போன்ற ஒரு தண்டு உருவாகிறது. இந்தக் கட்டத்தில் உள் அடுக்குகள் இன்னும் தனித்தனி. இதுதான் அரை இணைவு. அடுத்து உள் அடுக்குகளும் சேர்ந்து துளை திறந்தால்தான் முழு இணைவு. தண்டு வெகுகாலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. 2002-ல் லின் யாங்கும் ஹியூயி ஹுவாங்கும் டைஃபைட்டனாய்ல் பிசி அடுக்குகளை ஈரப்பதம் குறைத்து உலர்த்தி, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் அதன் வடிவத்தைக் கண்டார்கள். தண்ணீரை எடுத்தால் தண்டு தானாக வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

லைப்போசோம் தயாரிப்பு

முதல் சோதனைக்கு மாட்டு மூளையிலிருந்து எடுத்த பாஸ்ஃபாட்டிடைல்செரின், அதாவது பிஎஸ், மட்டும் போதும். ஏன் கலவை வேண்டாம் என்பது மெக்னீசியத்துக்கு வரும்போது புரியும்.

குளோரோஃபார்மில் கரைத்த லிப்பிடைக் கண்ணாடி சிரிஞ்சால்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் முனையைத் தொட்டால் அதிலுள்ள பொருளும் கரைந்து உங்கள் சவ்வுக்குள் போய்விடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறங்கள். கடற்கரை ஊர்களில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் அடுத்த நொடியே உள்ளே பனி பூத்துவிடும். பிஎஸ் ஈரத்தை உறிஞ்சும், பிறகு உங்கள் செறிவுக் கணக்கு நிற்காது.

கண்ணாடிக் குழாயைச் சுழற்றியபடி மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தில் குளோரோஃபார்மை ஆவியாக்குங்கள். சுவரில் படலம் ஒரே சீராகப் படிய வேண்டும். அடியில் கட்டியாகத் தங்கினால் மறுபடி கரைத்து மறுபடி சுழற்றுங்கள், அவசரம் வேண்டாம். பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் வெற்றிடம். இரவு முழுவதும் வைத்தால் இன்னும் நல்லது.

பஃபர்: 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 மில்லிமோலார் ஹெப்பிஸ், 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியம் போன்ற அயனிகளைப் பற்றிக்கொள்ளும் பொருள்), பிஎச் 7.4. கைக்குக் கிடைக்கிறதே என்று பாஸ்பேட் பஃபரை எடுத்துவிடாதீர்கள். கால்சியம் சேர்த்ததும் கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவாகி கரைசல் கலங்கும், நீங்கள் லைப்போசோம்கள் திரள்கின்றன என்று நினைப்பீர்கள்.

படலத்தில் பஃபரை ஊற்றி வோர்டெக்ஸ் செய்தால் பால் போன்ற கரைசல் வரும். அதில் இருப்பவை வெங்காயம் மாதிரி பல அடுக்குப் பைகள். திரவ நைட்ரஜனில் உறையவைத்து வெதுவெதுப்பான நீரில் உருக்குவதை ஐந்து முதல் பத்து முறை செய்யுங்கள். பின்னர் 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் வடியை எக்ஸ்ட்ரூடரில் பொருத்தி 21 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை எண் வேண்டும். அப்போதுதான் கடைசிக் கரைசல் எதிர்ப்பக்க சிரிஞ்சில் சேரும், ஒருமுறைகூட வடியைக் கடக்காத பெரிய பைகள் முதல் சிரிஞ்சிலேயே தங்கிவிடும். சரியாக வந்தால் பால் வெண்மை போய், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது லேசான நீல மினுமினுப்பு தெரியும். அதைக் காணாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதல் கேள்வி: ஒட்டினவா?

இதற்குச் சாயமே வேண்டாம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் 400 நானோமீட்டரில் கலங்கலைப் பாருங்கள். 50 மைக்ரோமோலார் லிப்பிடு இருக்கும் 1 மில்லி கரைசலில், 1 மோலார் கால்சியம் குளோரைடு 5 மைக்ரோலிட்டர் விடுங்கள். இறுதிச் செறிவு 5 மில்லிமோலார். கலங்கல் ஏறும். இன்னொரு க்யூவெட்டில் அதே அளவோ இரட்டிப்போ மெக்னீசியம் விடுங்கள். அங்கேயும் கலங்கல் ஏறும்.

இப்போது இரண்டிலும் பிஎச் சரிசெய்த ஈடிடிஏ 20 மில்லிமோலார் வரும்படி சேர்த்துப் பாருங்கள். மெக்னீசியம் விட்டதில் கலங்கல் இறங்கிவிடும். கால்சியம் விட்டது பழைய நிலைக்குத் திரும்பாது. வில்ஷுட்டும் பாப்பஹட்ஜோபுலோஸ் குழுவினரும் 1981-ல் காட்டியது இதுதான்: 100 நானோமீட்டர் அளவிலான பிஎஸ் பைகளை மெக்னீசியம் ஒட்டவைக்கும், இணைக்காது. கால்சியம் இரண்டு சவ்வுகளின் பிஎஸ் தலைகளுக்கு இடையே புகுந்து, தண்ணீரை வெளியேற்றி, உலர்ந்த பிணைப்பை உண்டாக்குகிறது. மெக்னீசியமோ தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை விட்டுக்கொடுப்பதில்லை. மின்னூட்டம் இரண்டுக்கும் இரண்டே, வேறுபாடு முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகப் படத்தைவிடவும் இந்த ஒரு சோதனை நீரேற்ற விலக்கத்தை நன்றாகப் புரியவைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். பிஎஸ்ஸோடு பிஇ, அதாவது பாஸ்ஃபாட்டிடைல்எத்தனாலமைன், சேர்த்தால் மெக்னீசியமும் இணைத்துவிடும். அதன் தலை தண்ணீரை அவ்வளவாகப் பிடித்துவைக்காது. பிசி சேர்த்தாலோ கால்சியம்கூடத் திணறும். முதலில் தனி பிஎஸ் போதும் என்றது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியத்தான்.

இரண்டாவது கேள்வி: எந்த அடுக்கு கலந்தது?

ஸ்ட்ரக், ஹோக்ஸ்ட்ரா, பகானோ மூவரும் 1981-ல் கொண்டுவந்த முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு தொகுதி பைகளில் என்பிடி-பிஇ, ரோடமின்-பிஇ (ஒளிரும் சாயம் ஒட்டிய பிஇ லிப்பிடுகள்) இரண்டையும் 1 மோல் சதவீதம் வீதம் சேர்க்க வேண்டும். நெருக்கமாக இருக்கும்போது என்பிடியின் ஒளி ஆற்றலை ரோடமின் எடுத்துக்கொள்ளும். சாயமில்லாத பையோடு சவ்வு கலந்தால் இரண்டும் விலகி என்பிடி பிரகாசமாகும். சாயமிட்டது ஒரு பங்கு, சாயமிடாதது ஒன்பது பங்கு. 460 நானோமீட்டரில் தூண்டி 530-ல் படியுங்கள். கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கால்சியம் சேர்க்கும் முன் அடிக்கோடு இரண்டு நிமிடமாவது நேராக ஓட வேண்டும்.

சாயம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். என்பிடி லிப்பிடின் தலையில் ஒட்டியிருக்க வேண்டும். ஆறு கார்பன் வாலில் ஒட்டிய என்பிடி லிப்பிடு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது ஒரு சவ்விலிருந்து கழன்று தண்ணீர் வழியே அடுத்த சவ்வுக்குப் போய்விடும். சவ்வுகள் தொடாமலே கோடு ஏறும்.

நூறு சதவீதத்தை நிர்ணயிக்க, சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற டிரைட்டானை ஊற்றுவது வழக்கம். டிரைட்டான் என்பிடியின் ஒளிர்வையே மாற்றிவிடும் என்பதால் அதற்குத் திருத்தம் போட வேண்டும். திருத்தம் போடுவதைவிட, இரண்டு சாயங்களையும் 0.1 மோல் சதவீதம் மட்டுமே சேர்த்து ஒரு தொகுதி பைகளைச் செய்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. ஒன்றுக்கு ஒன்பது பங்கில் எல்லாம் கலந்து முடிந்தால் சாயம் எவ்வளவு நீர்த்திருக்குமோ, அதே அளவு இதில் இருக்கிறது. இதன் ஒளிர்வே நூறு.

இப்போது மிக முக்கியமான படி. மேலே வரும் கோடு வெளி அடுக்கு மட்டும் கலந்தாலும் ஏறும். அரை இணைவை முழு இணைவிலிருந்து பிரிக்க சோடியம் டைதயோனைட் வேண்டும். இது சவ்வைக் கடக்காமல் வெளி அடுக்கில் இருக்கும் என்பிடியை மட்டும் ஒளியிழக்கச் செய்கிறது. 1 மோலார் கரைசலைக் காரத்தன்மையுள்ள டிரிஸ் பஃபரில், அப்போதைக்கு அப்போது கரைத்து, பனிக்கட்டியில் வைத்து உடனே பயன்படுத்துங்கள். அமிலத்தில் அது நொடியில் சிதைந்துவிடும், நேற்றுக் கரைத்ததில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பைகளில் 10 முதல் 20 மில்லிமோலார் வரும்படி சேர்த்து ஒளிர்வு இறங்குவதைப் பாருங்கள்.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். வெளி ஆரம் 50 நானோமீட்டர், சவ்வின் தடிமன் 4.5. உள் ஆரம் 45.5. பரப்புகளின் விகிதத்தைப் போட்டால் வெளி அடுக்கில் ஏறத்தாழ 55 சதவீதம். ஆகவே ஒளிர்வு 45-க்கு வந்து நிற்க வேண்டும். 70-லேயே நின்றுவிட்டால் உங்கள் பைகள் பல அடுக்கு, திரும்பப் போய் எக்ஸ்ட்ரூடரைப் பாருங்கள். 45-ல் நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பை கசிகிறது. ஒரே அளவீட்டில் தயாரிப்பின் தரமும் தெரிந்துவிடுவதால் இந்தப் படியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மிஞ்சிய டைதயோனைட்டை ஜெல் வடிகட்டி நெடுவரிசை வழியாக நீக்கிவிட்டு, உள் அடுக்கில் மட்டும் ஒளிரும் இந்தப் பைகளோடு அதே கால்சியச் சோதனையை அதே நாளில் செய்யுங்கள். நாளாக ஆக லிப்பிடுகள் அடுக்கு மாறத் தொடங்கும். முழுச் சாயக் கோடும் உள் அடுக்குக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தண்டு துளையாகித் திறந்துகொண்டிருக்கிறது. முதலாவது ஏறி இரண்டாவது படுத்துக் கிடந்தால் எல்லாம் அரை இணைவிலேயே நிற்கிறது.

மூன்றாவது கேள்வி: உள்ளிருப்பது கலந்ததா?

ஒரு தொகுதியில் டெர்பியம் குளோரைடு 2.5 மில்லிமோலாரும் சோடியம் சிட்ரேட் 50 மில்லிமோலாரும். இன்னொன்றில் டைபிகோலினிக் அமிலம் 50 மில்லிமோலார். இரண்டும் சந்தித்தால் டெர்பியத்தின் ஒளிர்வு ஆயிரக்கணக்கான மடங்கு கூடும். வெளியே கசிந்து சந்தித்தால் ஒளிராது, ஏனென்றால் பஃபரில் உள்ள ஈடிடிஏயும் கால்சியமும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. உள்ளும் வெளியும் ஊடழுத்தம் சமமாக இருக்கட்டும். இல்லையென்றால் பை வீங்கிச் சவ்வில் இழுவிசை ஏறும், துளை திறப்பதற்கு அதுவே உதவிவிடும்.

தூண்டல் 276 நானோமீட்டர், படிப்பது 545. குவார்ட்ஸ் க்யூவெட் கட்டாயம். இதில் ஒரு பொறி இருக்கிறது. 276-ன் இரட்டிப்பு 552. ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங், தூண்டு ஒளியின் இரண்டாம் வரிசையை 545-க்கு அருகிலேயே அனுப்பிவிடும். பைகள் திரண்டால் சிதறல் கூடும், சிதறல் கூடினால் அந்தப் பொய் ஒளியும் கூடும். வெறும் ஒட்டல் இணைவாக வேடம் போட்டு வரும். 530-க்குக் கீழே வெட்டும் வடிகட்டியை வெளியீட்டுப் பக்கம் வையுங்கள். டெர்பியமே இல்லாத பைகளை ஓட்டி, கோடு அசையாமல் இருப்பதை உறுதி செய்த பிறகு தொடங்குங்கள்.

பிஎஸ்-கால்சியச் சோதனையில் இந்தக் கோடு சில நொடிகளில் ஏறிவிட்டுப் பிறகு இறங்கும். கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இணைந்த பைகள் சுருங்கிக் குலைந்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. கசிவைத் தனியாக அளக்க 50 மில்லிமோலார் கார்பாக்ஸிஃப்ளூரசீனை அடைத்த பைகளை ஓட்டுங்கள். அது பிஎச்சுக்கு மசியும் சாயம், கால்சியத்தோடு ஈடிடிஏ சேரும்போது புரோட்டான் வெளிவரும் என்பதை மறக்காதீர்கள்.

மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில், ஒரே நேர அச்சில் போடுங்கள். லிப்பிடு கலப்பு முதலில் கிளம்ப வேண்டும், உள்ளடக்கக் கலப்பு அதை முந்தக் கூடாது. முந்தினால் ஏதோ ஓர் அளவுத்திருத்தம் தவறு.

பிளவுக்கும் இதே கண்டிப்பு

பிளவில் கணக்கு தலைகீழ். அந்த 250 கேபிடியை யாராவது கொடுக்க வேண்டும். செல்லில் டைனமின் என்ற புரதம், ஆற்றல் தரும் மூலக்கூறான ஜிடிபியைச் சிதைத்துக் கொடுக்கிறது. ஒரு ஜிடிபிக்கு சுமார் 20 கேபிடிதான் என்பதால் பல மூலக்கூறுகள் கழுத்தைச் சுற்றிச் சுருளாகக் கூடி வேலை செய்கின்றன. புரதமே இல்லாமலும் பிளவுக்கு அருகே போக முடியும். சவ்வில் இரண்டு திரவக் கட்டங்கள் பிரிந்திருந்தால் அவற்றின் எல்லையில் கோட்டு இழுவிசை இருக்கும். அது 1 பிக்கோநியூட்டன் என்றால், சுமார் 300 நானோமீட்டர் ஆரத்தைத் தாண்டிய திட்டு மொட்டாகப் புடைப்பதுதான் ஆற்றலுக்கு லாபம். மொட்டு வந்துவிட்டது என்பதும் துண்டித்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. கழுத்தின் அகலம் ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கு எட்டாது. மெல்லிய நீரோட்டம் கொடுத்துப் பாருங்கள்: தாய்ப்பையோடு இழுபட்டுத் திரும்பி வந்தால் இன்னும் துண்டிக்கவில்லை.

அளவாகச் சொல்ல வேண்டுமானால் 2008-ல் தாமஸ் புக்காடியிலும் சாண்ட்ரா ஷ்மிடும் வகுத்த முறையை எடுங்கள். புக்காடியிலின் ஆய்வகம் இப்போது புணேயில் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தில் இருக்கிறது. ரோடமின்-பிஇயும் டைனமின் பற்றிக்கொள்ளும் லிப்பிடான பிஐபி2-வும் கலந்த லைப்போசோம்களை, உப்பு மிகுந்த கரைசலில் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணிகளோடு கலந்து வைத்தால், மணியின் பரப்புக்குத் தேவையானதைவிட அதிகச் சவ்வு அதன்மேல் படியும். கழுவிவிட்டு டைனமினும் ஜிடிபியும் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மெதுவான வேகத்தில் மணிகளைப் படியவைத்து, மேலே உள்ள தெளிநீரில் ரோடமினை அளக்கிறோம். தெளிநீரில் உள்ள சாயம், வெளியே போன பைகளின் அளவு.

குறுகிய முனையால் வேகமாக உறிஞ்சினாலும் தளர்ந்த சவ்வு கிழிந்து தெளிநீருக்கு வந்துவிடும். முனையை வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள், ஊற்றுவதும் எடுப்பதும் சுவரோரமாக நடக்கட்டும். நான்கு குழாய்கள் வையுங்கள்: டைனமினும் ஜிடிபியும் சேர்ந்தது, டைனமின் மட்டும், ஜிடிபி மட்டும், டைனமினோடு சிதையாத ஜிடிபி ஒப்புமை. கடைசிக் குழாயின் மணிகளை நுண்ணோக்கியில் வைத்தால் சவ்வு நீண்ட குழல்களாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும், தெளிநீரில் சாயம் குறைவாகவே இருக்கும். முதல் குழாயின் எண்ணிலிருந்து மற்ற மூன்றில் மிகப் பெரியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பிளவு என்று எழுதுங்கள்.